கே.எல். ராவ் பலகைக்கு எந்த எண்களைப் போடலாம்? ஊத்துக்கோட்டைக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் அவர் திட்டமா?

சத்தியவேடு வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் 15 பொறியாளர் தினத்துக்கு எல்லையோரப் பள்ளி ஒன்றில் கண்காட்சி வைக்கிறோம். தமிழ் வழிப் பிள்ளைகளும் தெலுங்கு வழிப் பிள்ளைகளும் சேர்ந்து செய்வது. விஸ்வேஸ்வரய்யாவுக்கு வழக்கம்போல ஒரு பலகை உண்டு. இந்த ஆண்டு இரண்டாவது பலகையை, பொறியாளராக இருந்து டெல்லியில் அமைச்சரான கானூரி லட்சுமண ராவுக்கு வைக்க முடிவு செய்திருக்கிறோம்.

விவரம் சேகரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஊத்துக்கோட்டைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவரும் கண்டலேறு கால்வாயே அவர் போட்டதுதான் என்கிறார் ஒருவர். அவர் கங்கையைக் காவிரியோடு இணைக்கச் சொன்னார், அரசியலால் நின்றுபோனது என்கிறார் இன்னொருவர். பிள்ளைகள் தினமும், அந்தக் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டைத் தாண்டிப் போகிறவர்கள். அங்கே ஓடும் தண்ணீரைப் பற்றித் தப்பாக எழுதி வைக்கக் கூடாது. தெரிய வேண்டியவை:

அரசியலுக்கு வரும் முன் அவர் செய்த பொறியியல் வேலை என்ன? கங்கை–காவிரித் திட்டத்தின் சரியான அளவுகள் என்ன, ஏன் கைவிட்டார்கள்? கண்டலேறு–பூண்டிக் கால்வாய்க்கும் அவருக்கும் தொடர்பு உண்டா? பிள்ளைகள் கையால் செய்யக்கூடிய மாதிரி ஏதாவது வைக்க முடியுமா? ஒரு எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையும், கொஞ்சம் செலவுக்குப் பணமும் இருக்கிறது.

—

ஆரணியாற்றங்கரை:

சார், முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

பிறப்பு 1902 ஜூலை 15, கிருஷ்ணா மாவட்டம் கங்கிபாடு. விஜயவாடாவுக்குப் பக்கத்து ஊர், கிருஷ்ணா டெல்டாவின் நடுவில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் மாணவர். ரங்கூனில் பேராசிரியர் வேலை. 1939-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அங்கேயே உதவிப் பேராசிரியராகவும் இருந்தார். அவருடைய துறை கட்டமைப்பும் கம்பி கட்டிய கான்கிரீட்டும். இதைப் பலகையில் கட்டாயம் போடுங்கள். ‘நீர்ப்பாசன நிபுணர்’ என்று மட்டும் எழுதினால், அணையின் குறுக்குவெட்டைக் கணக்குப் போட்டு வரையும் வடிவமைப்புப் பொறியாளர் அவர் என்பது மறைந்துவிடும்.

ஊர் திரும்பியதும் சென்னை மாகாண அரசில் வடிவமைப்புப் பொறியாளர். அப்போது அவர் கைக்கு வந்தது ராமபாதசாகர், இன்று போலவரம் என்கிறோமே அதே கோதாவரித் திட்டம். 1941-இல் மாகாணத் தலைமைப் பொறியாளர் எல். வெங்கடகிருஷ்ண அய்யர் எழுப்பிய யோசனை. 1946–47 மதிப்பீட்டில் 129 கோடி ரூபாய் ஆயிற்று. அந்த இடத்தில் கோதாவரியின் அடியில் பாறை மிக ஆழத்தில் கிடக்கிறது, மேலே முழுக்க மணல். பாறையில் உட்கார வைக்க வேண்டிய அணைக்கு அஸ்திவாரமே செலவைத் தின்றுவிடும். அந்தக் காலத்து மாகாண அரசின் கஜானாவுக்கு அது எட்டாத தொகை. திட்டம் நின்றது.

1950-இல் டெல்லிக்குப் போனார். மத்திய நீர், மின் ஆணையத்தில் வடிவமைப்பு இயக்குநர், 1954-இல் தலைமைப் பொறியாளர். 1957 முதல் 1961 வரை மண் இயக்கவியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தில் துணைத் தலைவர். 1958 முதல் 1961 வரை மத்திய நீர்ப்பாசன மின் வாரியத்தின் தலைவர்.

1962-இல் விஜயவாடா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். 1967, 1971 என மேலும் இரண்டு முறை. 1977 வரை உறுப்பினர். 1963-இல் பத்மபூஷண். அதே ஆண்டு ஜூலை 20-இல் மத்திய நீர்ப்பாசன, மின் துறைப் பொறுப்பு. நேரு, சாஸ்திரி, இந்திரா என மூன்று பிரதமர்களின் கீழ் அந்தத் துறையைப் பார்த்தார். மறைவு 1986 மே 18.

பிள்ளைகள் கேட்பார்கள், ‘விஸ்வேஸ்வரய்யாவும் இப்படித்தானே?’ என்று. வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிடலாம். விஸ்வேஸ்வரய்யா 1912 முதல் 1918 வரை மைசூர் திவான். மகாராஜா நியமித்த பதவி அது. ராவ் ஓட்டுக் கேட்டு, ஜெயித்து வந்தவர். ஆற்றுநீரைப் பங்கு போடும் இலாகாவில் உட்கார்ந்திருப்பவர், அதே ஆற்றின் டெல்டா விவசாயிகளிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். அவர் வாழ்க்கையில் கஷ்டமான இடம் இதுதான். 1969-இல் கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை மூன்றுக்கும் தீர்ப்பாயங்கள் அமைக்கப்பட்டபோது துறை அவர் கையில் இருந்தது. கிருஷ்ணாவில் 75 சதவீத நம்பகத்தில் 2,060 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) என்று கிருஷ்ணாவுக்கான பச்சாவத் தீர்ப்பாயம் கணக்கிட்டு, மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, ஆந்திரத்துக்கு 800 என்று பிரித்தது. 75 சதவீத நம்பகம் என்றால் நூறு வருஷத்தில் எழுபத்தைந்து வருஷமாவது அந்த அளவு தண்ணீர் ஆற்றில் வரும் என்று பொருள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தண்ணீர்ச் சண்டைச் செய்தி எதைப் படித்தாலும் இந்தச் சொல் வரும்.

மின்சாரப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1964-இல் மண்டல மின் வாரியங்கள், 1969-இல் கிராம மின்மயக் கழகம், இரண்டும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் வந்தவை. மாநில மின்கம்பிகளைப் பக்கத்து மாநிலத்தோடு கோக்கும் வேலை அப்போதுதான் சூடு பிடித்தது. நதிகளையும் அப்படியே கோத்துவிடலாம் என்ற எண்ணத்துக்குப் பக்கத்திலேயே இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் மின்சாரத்துக்கு மேடு பள்ளம் கிடையாது, தண்ணீருக்கு உண்டு.

—

நந்திகொண்டா:

ஆரணியாற்றங்கரை அண்ணா நாகார்ஜுனசாகரைத் தொடவில்லை. ராவ் பலகையில் அது இல்லாமல் முடியாது.

பின்னணி இது. ஒருங்கிணைந்த சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா–பெண்ணாறு என்று ஒரு திட்டம் இருந்தது. கிருஷ்ணாத் தண்ணீரைப் பெண்ணாற்றுக்குத் திருப்பித் தெற்கே கொண்டுவருவது. தண்ணீர் மேலேயே திரும்பிவிட்டால் தங்கள் கதி என்ன என்று டெல்டாக்காரர்கள் பயந்தார்கள். முக்த்யால ராஜா முன்னின்று, அணையை நந்திகொண்டாவில் (இன்று நாகார்ஜுனசாகர் இருக்கும் இடம்) கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். 1952-இல் ஏ.என். கோஸ்லா தலைமையிலான குழு வந்து பார்த்து நந்திகொண்டாவைப் பரிந்துரைத்தது. (கோஸ்லாவும் பொறியாளர்தான். பிறகு ஒடிசா ஆளுநர் ஆனார். மூன்றாவது பலகைக்கு ஆள் வேண்டுமானால் அவரை வையுங்கள்.) 1955 டிசம்பர் 10-இல் நேரு அடிக்கல் நாட்டினார். ராவ் அப்போது டெல்லியில் தலைமைப் பொறியாளர். 1967 ஆகஸ்ட் 4-இல் இந்திரா காந்தி கால்வாய்களில் தண்ணீர் திறந்தபோது அதே ராவ்தான் துறை அமைச்சர்.

பலகைக்கு வேண்டிய அளவுகள்: உயரம் சுமார் 124 மீட்டர், கல் கட்டுமானப் பகுதி சுமார் 1,450 மீட்டர், இரு பக்கமும் மண் அணை. 26 ஷட்டர்கள். முழு நீர்மட்டம் 590 அடி. கட்டியபோது கொள்ளளவு 408 டிஎம்சி. வண்டல் படிந்து இப்போது 312 டிஎம்சி என்று கணக்கு. பழைய புத்தகத்தில் 408, புதிய செய்தியில் 312 என்று பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். இரண்டும் சரி. நடுவில் போனது மண்ணுக்கு விட்ட இடம்.

‘ஏன் கான்கிரீட் இல்லாமல் கல்லால் கட்டினார்கள்?’ இதைத்தான் பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள். 1950-களில் சிமெண்டும் இரும்பும் தட்டுப்பாடு, வெளிநாட்டு எந்திரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. கருங்கல் பக்கத்திலேயே கிடைத்தது, கல் வேலை தெரிந்தவர்களும் கூலிக்கு ஆட்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கல் கட்டுமானத்தில் பெரும்பகுதி கல், இடையில் மட்டும் சிமெண்ட் சாந்து. அதனால் ஒரு கன மீட்டருக்கு ஆகும் சிமெண்ட் குறைகிறது. இன்னொரு லாபமும் உண்டு: கான்கிரீட் இறுகும்போது சூடாகும். பெரிய கட்டியாகப் போட்டால் உள்ளே சூடு தங்கி, ஆறும்போது விரிசல் விடும். குளிர்ந்த நீரைக் குழாயில் ஓட்டியோ ஐஸ் கலந்தோ அதைச் சமாளிக்க வேண்டும். கல் கட்டுமானத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பலவீனம் எங்கே என்றால் இணைப்புகளில். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து முழுதாக நிரம்பாவிட்டால் கசிவு. கசிவு சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும், கீழ்ப்பக்கச் சுவரில் வெள்ளையாகப் படியும். வருஷம் போகப் போக இடைவெளி பெரிதாகும். அதனால்தான் இந்த வகை அணைகளில் மேல்பக்க முகத்தில் சாந்துப் பூச்சை அடிக்கடி பார்ப்பார்கள், உள்ளே சுரங்கப் பாதை வைத்து வடிதுளைகளில் வரும் தண்ணீரை அளப்பார்கள், தேவைப்பட்டால் துளையிட்டுச் சிமெண்ட் பாலை அழுத்தி ஏற்றுவார்கள். வடிதுளை அடைத்துக்கொண்டால் அடியிலிருந்து தண்ணீரின் மேல்நோக்கிய தள்ளல் ஏறும். எடையால் நிற்கும் அணைக்கு அது ஆபத்து.

புலிச்சிந்தலா பற்றியும் ஒரு வரி. சாகருக்குக் கீழே, பிரகாசம் தடுப்பணைக்கு மேலே, 45.77 டிஎம்சி. டெல்டாவுக்கு நாற்று நடும் சமயத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வேண்டும் என்பதற்கான அணை. அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அதன் 16-ஆம் எண் ஷட்டர் அடித்துக்கொண்டு போனது, தண்ணீரை இறக்கித்தான் அடைப்புப் பலகை போட முடிந்தது. ஷட்டர் என்பது தகடு மட்டும் இல்லை, அதைத் தாங்கும் கையும் அந்தக் கை மாட்டியிருக்கும் கான்கிரீட்டும் சேர்ந்ததுதான் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க நல்ல எடுத்துக்காட்டு.

—

கனஅடிக் கணக்கு:

கங்கை–காவிரி பற்றி எழுதுகிறேன். ‘அரசியலால் நின்றது’ என்று பலகையில் போட வேண்டாம் சார். அதை நிறுத்தியது கணக்கு. 1972-இல் அவர் முன்வைத்த அளவுகள் இவை:

பாட்னா அருகே கங்கையில் வெள்ளக் காலத்தில் மட்டும், ஆண்டுக்குச் சுமார் 150 நாள், விநாடிக்கு 60,000 கனஅடி எடுப்பது. அதில் 10,000 கனஅடி கங்கைப் படுகையிலேயே பயன்படும். மீதி 50,000 கனஅடியைத் தெற்கே அனுப்புவது. வழி சோன், நர்மதை, தபதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு. கடைசியில் கல்லணைக்கு மேலே காவிரி. நீளம் 2,640 கிலோமீட்டர். ஏற்ற வேண்டிய உயரம் 549 மீட்டர், அதாவது 1,800 அடி. புதிதாகப் பாசனம் பெறும் பரப்பு 40 லட்சம் ஹெக்டேர். அவர் போட்ட செலவு சுமார் 12,500 கோடி ரூபாய்.

முதலில் தண்ணீரை டிஎம்சியாக மாற்றுங்கள். விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கனஅடி. 50,000 × 86,400 × 150 = 64,800 கோடி கனஅடி, அதாவது 648 டிஎம்சி. மேட்டூர் 93.47 டிஎம்சி. ஏழு மேட்டூர் கொள்ளும் தண்ணீர். இந்த எண்ணைப் பார்த்தால் அந்தக் கனவு ஏன் அத்தனை பேரை இழுத்தது என்று புரியும். அவர் டெல்டாவில் பிறந்தவர், கிருஷ்ணாவில் இனிப் பங்கு போட மிச்சம் இல்லை என்று தெரிந்தவர். வடக்கே பார்த்தது நியாயம்தான்.

இனி மின்சாரம். கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையே போடலாம்: விநாடிக்கு எத்தனை கன மீட்டர் × எத்தனை மீட்டர் உயரம் × 9.81 = கிலோவாட். 50,000 கனஅடி என்பது சுமார் 1,400 கன மீட்டர். 1,400 × 549 × 9.81 = 75 லட்சம் கிலோவாட், அதாவது ஏறத்தாழ 7,500 மெகாவாட். இது தண்ணீருக்குள் போகும் சக்தி மட்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 85 சதவீதத் திறன் என்று வைத்தால் 8,900 மெகாவாட் தேவை. 1974 மார்ச்சில் இந்தியா முழுவதும் மின் வாரியங்களிடம் இருந்த நிறுவுதிறன் 16,700 மெகாவாட்டை எட்டவில்லை. பாதிக்கு மேல் ஒரே கால்வாய்க்குப் போயிருக்கும்.

யூனிட்டாகவும் பாருங்கள். 8,900 மெகாவாட், 150 நாள், 24 மணி நேரம்: சுமார் 3,200 கோடி யூனிட். 1970–71-இல் நாடு முழுவதும் உற்பத்தியானது சுமார் 5,600 கோடி யூனிட்.

மேட்டில் ஏற்றிய தண்ணீர் தெற்கே இறங்கும்போது சுழலி வைத்துக் கொஞ்சம் மின்சாரம் திரும்ப எடுக்கலாம். எடுத்தாலும் ஏற்றியதில் ஒரு பகுதிதான் வரும், அதுவும் வேறு மாநிலத்தில், வேறு நேரத்தில்.

அடுத்து வெள்ளம். இத்திட்டத்தால் பீகார் வெள்ளம் குறையும் என்று இன்றும் சொல்வார்கள். மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள பராக்கா தடுப்பணையை விநாடிக்கு 27 லட்சம் கனஅடி வெள்ளத்தைத் தாங்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றில் 60,000 கனஅடியை எடுத்தால் நீர்மட்டத்தில் தெரியவே தெரியாது. மத்திய நீர் ஆணையம் பரிசீலித்துச் சொன்ன குறைகளும் இவையே: செலவு மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கிறது, மின்சாரம் பெருமளவு வேண்டும், வெள்ளத் தடுப்புப் பயன் இல்லை.

கால்வாயின் பருமனுக்கும் ஒரு ஒப்பீடு வையுங்கள். பராக்காவில் கங்கையை ஹூக்ளிக்குத் திருப்பும் ஊட்டுக் கால்வாய் 40,000 கனஅடி, 38 கிலோமீட்டர். அதுவே கப்பல் போகும் அகலம். அதைவிடப் பெரிய கால்வாயை மலை தாண்டி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கங்கையில் வெள்ளம் வருவது தென்மேற்குப் பருவத்தில். கிருஷ்ணா, கோதாவரி அணைகளும் அதே மாதங்களில்தான் நிரம்புகின்றன. வந்து சேரும் 648 டிஎம்சியை நிறுத்திவைக்க வழியெங்கும் புது அணைகள் வேண்டும். அணை கட்டினால் நிலம் மூழ்கும், ஊர் இடம்பெயர வேண்டும். கால்வாயின் செலவை மட்டும் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக அவரை நடக்காததைச் சொன்னவர் என்று பலகையில் சித்திரித்துவிடாதீர்கள். 1980-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியத் தொலைநோக்குத் திட்டம், 1982-இல் அமைந்த தேசிய நீர் மேம்பாட்டு முகமை, மகாநதி–கோதாவரி–கிருஷ்ணா–பெண்ணாறு–காவிரி என்ற இணைப்புத் தொடர், எல்லாம் அவர் கிளப்பிய கேள்வியிலிருந்து வந்தவை. அந்தத் தொடர் கங்கையை விட்டுவிட்டு மகாநதியில் தொடங்குகிறது. ஏற்றும் உயரத்தைக் குறைப்பதுதான் அதன் முதல் காரணம்.

—

பிச்சாட்டூர் ஏரிக்கரை:

கண்டலேறு கேள்விக்கு: இல்லை. அது அவர் போட்ட திட்டம் இல்லை.

சென்னைக்குக் குடிநீர் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுத் தருவதாக 1976-இல் ஒப்புக்கொண்டன. மொத்தம் 15. வழியில் 3 டிஎம்சி ஆவியாகும் என்று கழித்து எல்லையில் 12. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டது 1983 ஏப்ரலில். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கு முதல் தண்ணீர் வந்தது 1996-இல். ராவ் அப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவருடைய கங்கை–காவிரி வரைபடத்தில் கிருஷ்ணாவிலிருந்து பெண்ணாற்றுக்கு வரும் துண்டு இருக்கிறதே, தெலுங்கு கங்கை என்று பெயர் வைத்த இந்தச் சென்னைக் குடிநீர்த் திட்டமும் அதே திசையில்தான் வருகிறது. குழப்பம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெயரில் ‘கங்கை’ இருப்பது வேறு. இதில் கங்கைத் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது.

வழி: கிருஷ்ணாவில் ஸ்ரீசைலம் அணை, போத்திரெட்டிபாடு மதகு, பனகசர்லா, வேலுகோடு, பிறகு பெண்ணாற்றில் சோமசிலா, அங்கிருந்து கண்டலேறு, அங்கிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயிண்ட், அதற்குமேல் சுமார் 25 கிலோமீட்டர் பூண்டி. முழு நீர்மட்டங்களைப் பாருங்கள்: ஸ்ரீசைலம் 885 அடி, சோமசிலா 330 அடி, கண்டலேறு 279 அடி (85 மீட்டர்), பூண்டி 140 அடி. இறங்கு வரிசை. பம்பே வேண்டாம். கனஅடிக் கணக்கு சொன்ன 1,800 அடி ஏற்றத்துக்குப் பக்கத்தில் இந்த 745 அடி இறக்கத்தை வையுங்கள். ஒன்று ஏன் ஓடுகிறது, மற்றது ஏன் காகிதத்தில் நின்றது என்பது பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் தெரியும்.

ஓடினாலும் 12 டிஎம்சி முழுதாக வருவது அபூர்வம். ஜூலை–அக்டோபரில் 8, ஜனவரி–ஏப்ரலில் 4 என்பது ஏற்பாடு. ஸ்ரீசைலத்தில் 854 அடிக்குக் கீழே மட்டம் போனால் போத்திரெட்டிபாட்டில் இழுக்கும் அளவு விழுந்துவிடும். கண்டலேறில் மட்டம் குறைந்தால் கால்வாய்க்குள் தண்ணீர் ஏறும் வேகம் குறையும். வழியில் கரை ஓரம் மோட்டார் வைத்து எடுப்பதும், கரை உடைந்த இடங்களில் கசிவதும் வேறு. 2000-களின் தொடக்கத்தில் சத்திய சாய் அறக்கட்டளை கால்வாயைப் புதுப்பித்துச் சாய்வுக்குக் கான்கிரீட் போட்ட பிறகுதான் ஓட்டம் சீரானது. ஜீரோ பாயிண்டில் 1,000 கனஅடி ஓடினால் ஒரு டிஎம்சி சேர பதினொன்றரை நாளுக்கு மேல் ஆகும். 12 டிஎம்சிக்கு 139 நாள். பிள்ளைகள் கால்வாயோரம் அளவுகோலைப் பார்த்து அன்றைய கனஅடியைக் கேட்டு வந்தால், இந்தக் கணக்கை அவர்களே போடலாம். கரைக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்கட்டும். கான்கிரீட் சாய்வில் பாசி இருக்கும், வழுக்கினால் ஏறிவர முடியாது.

—

சத்தியவேடு வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, அந்த 885, 330, 279, 140 வரிசையை அப்படியே பலகையில் ஏற்றலாம் என்று தோன்றுகிறது. 549 மீட்டரையும் 2,640 கிலோமீட்டரையும் ஒரே அளவுகோலில் காட்ட முடியுமா? பம்ப் வைத்துக் காட்ட முடியுமா?

—

கனஅடிக் கணக்கு:

ஒரே அளவுகோலில் முடியாது. 2,640 கிலோமீட்டரை 6 மீட்டர் சுவரில் வரைந்தால், அதே அளவில் 549 மீட்டர் வெறும் ஒன்றேகால் மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் பருமன். அதனால் நீளத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் காட்டுங்கள். எட்டடி பலகையைச் செங்குத்தாக நிறுத்துங்கள், உயரம் 2,440 மில்லிமீட்டர். ஒரு அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வையுங்கள். பலகையின் அடி விளிம்பு கடல்மட்டம்.

வலது பக்கம் பூண்டி 140, கண்டலேறு 279, சோமசிலா 330, ஸ்ரீசைலம் 885 மில்லிமீட்டரில் ஆணி. நீலக் கயிற்றால் மேலிருந்து கீழே கோத்துவிடுங்கள். இடது பக்கம் பாட்னா. அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர்தான், ஆகவே 165 மில்லிமீட்டரில் ஆணி. அங்கிருந்து 1,800 மில்லிமீட்டர் மேலே, 1,965-இல் இன்னொரு ஆணி. நடுவில் சிவப்புக் கயிறு. நிற்கும் ஆளின் தலைக்கு மேலே போகும். பலகை சாயாமல் பின்னால் முக்கோணக் கட்டை அடியுங்கள்.

பம்புக்கு ஏர்கூலரில் போடும் 18 வாட் மோட்டார் போதும். கூடவே 12 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீட்டர், இரண்டு வாளி, ஒரு லிட்டர் பாட்டில். குழாயின் வாயை 30, 60, 90, 120 சென்டிமீட்டர் என ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு உயரத்திலும் ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று எழுதுங்கள். ஏற ஏற ஓட்டம் குறையும், ஒரு உயரத்தில் நின்றே போகும். ஒரு மீட்டரில் பத்து விநாடிக்கு ஒரு லிட்டர் வந்தால், 0.1 × 1 × 9.81, ஒரு வாட்டுக்கும் குறைவு. மோட்டார் தின்பதோ 18 வாட். மீதி எங்கே போனது என்று கேளுங்கள். சுழற்சி, உராய்வு, சூடு என்று பதில் அவர்களே சொல்வார்கள். பெரிய பம்புகள் இதைவிடப் பலமடங்கு திறனுள்ளவை என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் தப்பான முடிவுக்குப் போவார்கள்.

எங்கே தவறும்: உயரத்தை மோட்டாரிலிருந்து அளக்காதீர்கள், வாளியின் நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறைய அந்த மட்டமும் இறங்கும், ஒவ்வொரு முறையும் நிரப்பிவிட்டு அளங்கள். குழாய் மடிந்தால் கணக்கு கெடும். மோட்டாருக்குள் காற்று சிக்கினால் சத்தம் வரும், தண்ணீர் வராது. நீருக்குள்ளேயே சாய்த்து ஆட்டினால் குமிழி வெளியேறும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் எடுத்த அளவையும் சாயங்காலம் எடுத்த அளவையும் கலக்காதீர்கள். பிளக்கைத் தொடுவது பெரியவர் மட்டும், வாளியில் கை விடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும்.

—

ஆரணியாற்றங்கரை:

கனஅடிக் கணக்குக்கு ஒரு திருத்தம். மின்தேவையைப் பல இடங்களில் 5,000 முதல் 7,000 மெகாவாட் என்று போட்டிருப்பார்கள். உங்கள் 7,500 அதற்கு மேலே நிற்கிறது. பார்க்க வருகிற பொறியாளர் யாராவது கேட்பார்.

—

கனஅடிக் கணக்கு:

கேட்டால் நல்லதுதான் அண்ணா. 549 மீட்டரை முழுக்க எடுத்தால் 7,500 வரும். 450 மீட்டர் என்று எடுத்தால் அதே 1,400 கன மீட்டருக்கு 6,180 வரும். எந்த எண்ணைப் போட்டாலும் எந்த உயரத்துக்கு, எத்தனை கன மீட்டருக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் தகராறு வராது. பலகையில் 549-ஐயும் 1,400-ஐயும் பெரிதாக எழுதி, பெருக்கலைப் பார்வையாளரே போடும்படி ஒரு சிலேட்டைத் தொங்கவிடுங்கள்.

—

நந்திகொண்டா:

தெலுங்குப் பக்கத்துக்கு ஒரு சின்ன விஷயம் சார். பெயரை ‘கே.எல். ராவ்’ என்று மட்டும் போட்டால் தெலுங்குப் பிள்ளைகள் வேறு ராவ்களோடு குழப்பிக்கொள்வார்கள். கானூரி லட்சுமண ராவ் என்று இரண்டு மொழியிலும் முழுதாக எழுதி, அடியில் ‘கங்கிபாடு, 1902’ என்று போடுங்கள். அளவுகளைக் கனஅடி, டிஎம்சி இரண்டிலும் வையுங்கள். பாடப்புத்தகத்தில் கன மீட்டர் படிக்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் கனஅடியும் டிஎம்சியும்தான் பேசுவார்கள். மாற்றும் அளவு: ஒரு கன மீட்டர் 35.3 கனஅடி, ஒரு டிஎம்சி சுமார் 2.83 கோடி கன மீட்டர்.